ஓணம் வந்தாலும் கோரனுக்குக் கஞ்சி தொன்னையில்தான்

(ஆவணி மாதத்தில் இளைஞர் படிப்பு வட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாட்டார் கதைகளையும் திருவிழாக்களின் வரலாற்றையும் நாம் எப்படிப் பேச வேண்டும் என்ற தலைப்பில் பேச அழைத்திருக்கிறீர்கள். தலைப்பு பெரியது. அதனால் ஒரே ஒரு திருவிழாவை எடுத்துக்கொள்கிறேன். இது ஓண வாரம். நான் குமரி மாவட்டத்துக்காரன். 1956 நவம்பர் 1 வரை எங்கள் ஊர் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தான் இருந்தது. இன்றும் ஓணத்துக்கு எங்கள் மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை உண்டு. திருவிழாக் கதைகளுக்கும் விவசாயக் கூலி உறவுகளுக்கும் உள்ள தொடர்புதான் என் முனைவர் பட்ட ஆய்வு. ஆகவே ஓணத்திலிருந்து தொடங்குவது எனக்கு வசதி.

ஓணம் என்றதும் நமக்குத் தெரிந்த கதை இது. மாவேலி என்ற மகாபலி நாட்டை ஆண்டான். அவன் ஆட்சியில் மனிதர் எல்லோரும் சமம். பொய் இல்லை, களவு இல்லை, பசி இல்லை. தேவர்களுக்குப் பொறாமை வந்தது. விஷ்ணு, வாமனன் என்ற பார்ப்பனச் சிறுவனாக வந்து மூன்றடி மண் கேட்டான். இரண்டு அடியில் எல்லாவற்றையும் அளந்துவிட்டு மூன்றாவது அடியை மகாபலியின் தலையில் வைத்துப் பாதாளத்தில் அழுத்தினான். ஆண்டுக்கு ஒருமுறை மக்களைப் பார்க்க வரும் வரம் மட்டும் அரசனுக்குக் கிடைத்தது. அந்த நாள்தான் ஓணம்.

இந்தக் கதையை ஒவ்வோர் ஆண்டும் நாம் பகிர்கிறோம். ஏமாற்றப்பட்டவன் நம்முடைய அரசன், ஏமாற்றியவன் பார்ப்பனன் என்று எழுதுகிறோம். சரியான வாசிப்புதான். ஆனால் பெரும்பாலும் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறோம். மலையாளத்தில் இன்னொரு வழக்கு இருக்கிறது. அதை யாரும் பகிர்வதில்லை. ஓணம் வந்தாலும் உண்ணி பிறந்தாலும் கோரனுக்குக் கஞ்சி கும்பிளில்தான் என்பது அந்தப் பழமொழி. உண்ணி என்பது வீட்டின் ஆண் குழந்தை. கும்பிள் என்பது இலையைக் கோட்டி வைத்த தொன்னை. கோரன் என்பது வயலில் உழைக்கும் தாழ்த்தப்பட்ட சாதிக்காரனுக்கு வழக்கமாக இருந்த பெயர். தம்பிரான் வீட்டில் திருவிழா வந்தாலும் சரி, வாரிசு பிறந்தாலும் சரி, கோரனுக்குப் பாத்திரம் கிடையாது. மண்ணில் குழி பறித்து இலையைப் பதித்து, அதில் ஊற்றப்படும் கஞ்சியைக் குடிக்க வேண்டும்.

ஒரே மொழியில், ஒரே திருவிழாவைப் பற்றி இரண்டு பேச்சு. ஒன்று, மனிதர் எல்லோரும் சமமாக இருந்தார்கள் என்கிறது. மற்றொன்று, கோரனுக்கு இலைதான் என்கிறது. இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்ப்பதுதான் இன்றைய என் பேச்சு.

முதலில் கதை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். பாகவத புராணத்தின் எட்டாம் பகுதியில் பலியின் கதை விரிவாக வருகிறது. அங்கே பலி வேள்வி நடத்தும் இடம் கேரளம் கிடையாது. நர்மதை ஆற்றின் வடகரை. வாமனன் வருவதற்குக் காரணம், இந்திரன் இழந்த ஆட்சியை மீட்டுத் தருவது. பலியின் நாட்டில் சாதி இல்லை, எல்லோரும் சமம் என்ற பேச்சு அந்தக் கதையின் மையத்தில் இல்லை. பலி ஒரு பக்தனாக, வாக்குத் தவறாத கொடையாளியாகத்தான் அங்கே உயர்த்தப்படுகிறான். கதையின் நாயகன் விஷ்ணுதான்.

சிற்பங்களும் அதையே சொல்கின்றன. மாமல்லபுரம் வராக மண்டபத்தில், பல்லவர் காலத்துத் திரிவிக்கிரமன் சிற்பம் இருக்கிறது. ஒரு கால் விண்ணை நோக்கி உயர்ந்து நிற்கிறது. பலி கீழே சிறியவனாக உட்கார்ந்திருக்கிறான். காஞ்சிபுரம் உலகளந்த பெருமாள் கோயிலுக்குப் போனால், கருவறை முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்கிறது அந்தப் பெரிய உருவம். நிமிர்ந்து பார்க்கும் எவருக்கும் அளப்பவனின் கால்தான் தெரியும். அளக்கப்பட்டவன் காலடியில் இருக்கிறான்.

நம்முடைய மதுரைக்காஞ்சியிலும் ஓண விழா வருகிறது. தமிழர்கள் பெருமையோடு எடுத்துக்காட்டும் செய்தி இது. ஆனால் அங்கே அது மாயோனின் நாள். அவுணர்களை வென்றவன் என்றுதான் மாயோன் புகழப்படுகிறான். மதுரையில் கொண்டாடப்பட்ட அந்த ஓணத்தில் மாவேலியை வரவேற்கும் பேச்சு இல்லை. திருவோணம் விஷ்ணுவுக்குரிய விண்மீன் என்ற நம்பிக்கையின் அடிப்படையில் நடந்த விழா அது.

இதை மறைக்கத் தேவையில்லை. சொல்லப்போனால், இதில்தான் நமக்கு வேண்டிய செய்தி இருக்கிறது. வென்றவனின் நாளாக இருந்த ஒன்றை, தோற்றவன் திரும்பி வரும் நாளாக மக்கள் மாற்றியிருக்கிறார்கள். கொச்சிக்கு அருகே திருக்காக்கரை கோயிலில் இருப்பது வாமனன்தான். வீட்டு முற்றத்தில் களிமண்ணால் செய்து வைக்கும் கூம்பு உருவத்துக்கும் திருக்காக்கரையப்பன் என்றுதான் பெயர். கோயிலுக்கு உள்ளே வாமனன் இருக்கலாம். ஆனால் தெருவிலே மக்கள் ஆர்ப்பரித்து வரவேற்பது மாவேலியைத்தான். காலால் மிதித்தவனை யாரும் வாசலில் பூக்கோலம் போட்டு எதிர்பார்ப்பதில்லை. இப்படி மாற்றியது எந்த அரசனும் இல்லை. எந்தப் பண்டிதனும் இல்லை. கதையைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் மாற்றினார்கள்.

இந்த மாற்றத்தின் வலிமை என்ன என்று 2016இல் பார்த்தோம். திருவோணத்துக்கு முந்தைய நாள், பா.ஜ.க.வின் அன்றைய தேசியத் தலைவர் அமித் ஷா, வாமன ஜெயந்தி வாழ்த்து வெளியிட்டார். வாமனன் மகாபலியின் தலையில் கால் வைக்கும் படம் அதில் இருந்தது. கேரளத்தில் பெரும் எதிர்ப்பு கிளம்பியது. வாழ்த்தைத் திரும்பப் பெற வேண்டும் என்று முதல்வர் பினராயி விஜயன் கேட்டார். புராணத்தைப் புரட்டிப் பார்த்தால் அமித் ஷா சொன்னதற்கு ஆதாரம் இருக்கும். திருக்காக்கரையிலும் இருக்கும். ஆனாலும் அந்த வாழ்த்து அங்கே எடுபடவில்லை. நூலில் இருப்பதைவிட மக்கள் நினைவில் இருப்பது கெட்டியாக இருந்தது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. கேரளத்தை உருவாக்கியது யார் என்று கேட்டால் பரசுராமன் கதையைச் சொல்வார்கள். மழுவை வீசினான், கடல் பின்வாங்கியது, மீண்ட நிலத்தைப் பார்ப்பனர்களுக்குத் தானம் செய்தான் என்று கேரளோற்பத்தி நூல் சொல்கிறது. பத்து அவதாரங்களில் வாமனன் ஐந்தாவது, பரசுராமன் ஆறாவது. அப்படியானால் வாமனன் வந்தபோது கேரளம் கடலுக்கு அடியில் இருந்திருக்க வேண்டும். மாவேலி எந்தக் கேரளத்தை ஆண்டான்?

இந்தக் கேள்வியைக் கேலியாகக் கேட்டுவிட்டுப் போய்விடலாம். நான் வேறு மாதிரி பார்க்கிறேன். இரண்டு கதைகளும் இரண்டு வேலைகளைச் செய்கின்றன. பரசுராமன் கதை ஒரு பட்டா. நிலம் ஏன் நம்பூதிரி ஜென்மியின் கையில் இருக்கிறது என்று கேட்பவனுக்கு, கடவுளே கொடுத்தார் என்று எடுத்து நீட்டும் பத்திரம். மாவேலி கதை அந்தப் பத்திரத்துக்கு எதிரான ஆட்சேபனை. இந்த நிலம் ஒருகாலத்தில் எங்கள் அரசனிடம் இருந்தது, ஒரு பார்ப்பனன் தந்திரமாக அளந்து வாங்கிக்கொண்டான் என்கிறது அது. மூன்றடி மண்ணில் தொடங்கும் கதை நிலத்தைப் பற்றிய கதையாகத்தான் இருக்க முடியும்.

இந்த இடத்தில் நம்முடைய பகிர்வுகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மாவேலி உண்மையில் வாழ்ந்த திராவிட மன்னன், அவனை ஆரியர்கள் கொன்றார்கள், இது மறைக்கப்பட்ட வரலாறு என்று எழுதுகிறோம். மாவேலி என்ற அரசன் கேரளத்தை ஆண்டதற்குக் கல்வெட்டோ காசோ கிடையாது. கதையை வரலாறு என்று சொன்னால், நாளை ராமன் பிறந்த இடத்தைக் காட்டுகிறவனிடம் நாம் எதைக் கேட்போம்? சான்று எங்கே என்று அவனைக் கேட்கும் உரிமையை நாமே கைவிட்டதாகிவிடும்.

அப்படியானால் கதைக்கு மதிப்பில்லையா? உண்டு. மாவேலி வாழ்ந்தான் என்பதற்கு அந்தக் கதை சான்று ஆகாது. ஆனால், சமத்துவம் வேண்டும் என்று எண்ணிய மனிதர்கள் அந்த மண்ணில் வாழ்ந்தார்கள் என்பதற்கு அது சான்று. சாதிதான் இயற்கை, சாதிதான் தர்மம் என்று மேலிருந்து ஓயாமல் சொல்லப்பட்ட ஒரு சமூகத்தில், இது இல்லாத காலம் ஒன்று இருந்தது என்று கீழே இருப்பவர்கள் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சே ஒரு மறுப்புதான். அது போதும். அரசனுக்குப் பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும் தேட வேண்டியதில்லை.

இதே பலியை மராத்திய உழவர்களும் மறக்கவில்லை. அங்கே தீபாவளியை ஒட்டி பலி பிரதிபதை என்று ஒரு நாள் வருகிறது. துன்பமும் பீடையும் ஒழியட்டும், பலியின் ஆட்சி வரட்டும் என்று பெண்கள் வாழ்த்தும் வழக்கம் உண்டு. இந்த வழக்கத்தைக் கையில் எடுத்தவர் ஜோதிராவ் புலே. 1873இல் அவர் எழுதிய குலாம்கிரி நூலின் மையமான மனிதர்களில் ஒருவன் பலிராஜா. அமெரிக்காவில் கறுப்பின மக்களின் அடிமைத்தனத்தை ஒழிக்கப் பாடுபட்டவர்களுக்கு அந்த நூலைக் காணிக்கையாக்கினார் புலே. ஒரு புராணக் கதையையும் அமெரிக்க அடிமை ஒழிப்பையும் ஒரே நூலில் வைத்த துணிச்சலை நினைத்துப் பாருங்கள். பார்ப்பன வீடுகளில் மாவால் பலியின் உருவம் செய்து, அதைக் காலால் மிதித்துக் கிழிக்கும் வழக்கத்தையும் அவர் எடுத்துக்காட்டுகிறார். ஒரே பண்டிகைக் காலத்தில் ஒரு வீட்டில் பலி மிதிபடுகிறான். அடுத்த தெருவில் அவன் ஆட்சி வர வேண்டும் என்று விளக்கு ஏற்றுகிறார்கள். இன்றும் மராத்தியில் பலிராஜா என்றால் உழவன் என்று பொருள்.

அவதாரங்களை ஆரியப் படையெடுப்பின் தலைவர்களாகப் புலே விளக்கியதை இன்றைய வரலாற்று ஆய்வு அப்படியே ஏற்காது. ஆனால் அவர் அந்த விளக்கத்தோடு நிற்கவில்லை. அதே 1873இல் சத்திய சோதக் சமாஜத்தைத் தொடங்கினார். அதற்கு முன்பே பெண்களுக்கும் தீண்டப்படாதவர்களுக்கும் பள்ளிகள் நடத்தியவர் அவர். தம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தீண்டப்படாதவர்களுக்குத் திறந்துவிட்டவர். கதை அவர் கையில் ஒரு வேலைத்திட்டமாக மாறியது. மராத்தியப் பெண்களின் வாழ்த்து எதிர்காலத்தைப் பற்றியது என்பதைக் கவனியுங்கள். பலியின் ஆட்சி வரட்டும் என்கிறார்கள். கேரளத்தின் கதையோ இறந்தகாலத்தில் நிற்கிறது. மாவேலி ஆண்டபோது சமமாக இருந்தோம் என்கிறது. இருந்தோம் என்று சொல்வதில் ஓர் ஆபத்து உண்டு. அதை ஜென்மியும் கூடவே உட்கார்ந்து கேட்டுத் தலையாட்டலாம். பழைய பெருமை யாருக்கும் செலவு வைக்காது.

அப்படித்தான் நடந்தது. திருவிதாங்கூரில் 1855 வரை அடிமை முறை சட்டப்படி நடந்தது. புலையரும் பறையரும் நிலத்தோடு சேர்த்தும், நிலம் இல்லாமல் தனியாகவும் விற்கப்பட்டார்கள். மலபாரில் 1843ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பிறகுதான் அடிமை முறைக்குச் சட்டப் பாதுகாப்பு போனது. மனிதர் எல்லோரும் சமமாக இருந்த காலத்தை ஆண்டுதோறும் கொண்டாடிய நாட்டில், மனிதர் விலைக்குப் போனார்கள்.

ஓணம் என்பது கொடுக்கல் வாங்கல் கணக்கு முடியும் காலமும்தான். குத்தகைக் குடிகள் ஜென்மியின் வீட்டுக்கு வாழைக்குலையும் காய்கறியும் ஓணக் காழ்ச்சையாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பதிலுக்கு ஓணக்கோடி என்று துணி கிடைக்கும். காணம் விற்றாவது ஓணம் உண்ண வேண்டும் என்று ஒரு பழமொழி எல்லோருக்கும் தெரியும். கேரளத்தின் பண்பாட்டுப் பெருமையாக அதை மேடைதோறும் சொல்வார்கள். காணம் என்பது ஜென்மியிடமிருந்து பெறும் ஒரு நில உரிமை. விற்பதற்குக் காணம் வைத்திருந்தவன் யார்? பெரும்பாலும் சாதி அடுக்கில் மேலே இருந்தவன். கோரனிடம் விற்க என்ன இருந்தது? சில இடங்களில் அவனே விற்கப்படும் பொருளாக இருந்தான். ஒரு பழமொழி மேடை ஏறியது. மற்றொரு பழமொழி தொன்னையோடு வயலில் நின்றுவிட்டது.

என் சொந்த ஊர்ப் பக்கத்தில் நெல்லுக்கு இரண்டு போகம். கன்னிப்பூ, கும்பப்பூ என்று சொல்வோம். கன்னிப்பூ அறுவடை முடியும் காலத்தில்தான் ஓணம் வரும். களத்துமேட்டில் வேலை செய்த முதிய பெண்களிடம் ஓணத்தைப் பற்றிக் கேட்டபோது, மாவேலியின் பெயரை அவர்கள் தாமாகச் சொல்லவில்லை. எந்த வீட்டில் கூலி நெல்லை நிறைவாக அளந்தார்கள், எந்த வீட்டில் பதரைக் கலந்து அளந்தார்கள், எந்த வீட்டில் புறவாசலில் நிற்க வைத்தார்கள் என்றுதான் சொன்னார்கள். அதுவும் நாட்டார் வழக்காறுதான். அந்த நினைவும் நம் தொகுப்பில் இடம்பெற வேண்டும்.

கோரனின் தொன்னையைக் கேள்வி கேட்ட முக்கியமான மனிதர் சகோதரன் அய்யப்பன். 1917 மே மாதம் செறாயியில் சாதி கடந்த கூட்டு உணவை நடத்தினார். மிச்ரபோஜனம் என்று அதற்குப் பெயர். ஈழவர்கள் புலையரோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அய்யப்பன் ஈழவர். அவருடைய சொந்தச் சாதிக்காரர்களே கொதித்தார்கள். அவரை விலக்கி வைத்தார்கள். புலையன் அய்யப்பன் என்று பட்டம் கட்டினார்கள். அவர் அந்தப் பட்டத்தை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டார். அவர்தான் பிறகு ஓணப்பாட்டைத் தம் பங்குக்கு மாற்றி எழுதியவரும். வாமனனின் வழியைக் கைவிட்டு மாவேலியின் நாட்டை மீண்டும் கட்ட வேண்டும் என்பது அதன் சாரம். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் பிறகு பாட்டை மாற்றியவர் என்பதால் அந்தப் பாட்டுக்கு எடை இருக்கிறது.

ஓண வாரத்தின் நாட்காட்டியை ஒருமுறை பாருங்கள். திருவோணம் மாவேலியின் நாள். அடுத்த நாள் அவிட்டம். அய்யன்காளி 1863இல் பிறந்தது ஆவணி அவிட்டத்தில். பார்ப்பனர்கள் பூணூல் மாற்றும் நாளாகத்தான் ஆவணி அவிட்டம் என்ற பெயர் நமக்குப் பழக்கம். கேரளத்துப் புலையர் மக்கள் அதை அய்யன்காளி பிறந்த நாளாகக் கொண்டாடுகிறார்கள். அதற்கு அடுத்த நாள் சதயம். அது நாராயண குருவின் பிறந்த நாள். ஓணத்தின் நான்காம் நாள் என்று கேரளம் கொண்டாடுவது அந்த நாளைத்தான். ஒரு புராண அரசன், பிறகு இரண்டு உண்மையான மனிதர்கள். இந்த வரிசையை யாரும் திட்டமிட்டு அமைக்கவில்லை. ஆனால் நாம் பகிரும்போது முதல் நாளோடு நிறுத்திவிடுகிறோம்.

அய்யன்காளி செய்தது என்ன? 1893இல், புலையர் நடக்கக்கூடாத பொதுச்சாலையில் வில்வண்டி ஓட்டிப் போனார். 1907இல் சாது ஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கினார். தம் மக்களின் குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்க மறுத்தபோது, வயலில் இறங்கமாட்டோம் என்று வேலைநிறுத்தம் நடத்தினார். எங்கள் பிள்ளை படிக்கக்கூடாது என்றால் உங்கள் நிலத்தில் நெல் விளையாது என்பதுதான் அதன் பொருள். கூலி உயர்வுக்காகப் போராடுவது எல்லோரும் அறிந்தது. எழுத்தறிவுக்காக உழவுத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தியது அரிதான வரலாறு. கஞ்சி ஊற்றப்படும் இலையைப் பற்றி அவர் கெஞ்சவில்லை. கஞ்சிக்கான நெல் யார் கையால் விளைகிறது என்று நினைவுபடுத்தினார்.

கேரளத்தில் பலியின் ஆட்சி வந்துவிட்டதா என்று கேட்டால், 1970 ஜனவரி 1ஆம் தேதியைச் சொல்பவர்கள் உண்டு. அன்றுதான் ஜென்மி முறை ஒழிந்தது. பெரிய சாதனை, மறுக்கவில்லை. ஆனால் நிலம் யாருக்குப் போனது? குத்தகைதாரருக்குப் போனது. தலித்துகளில் பெரும்பாலோர் குத்தகைதாரர்கள் கிடையாது. அவர்கள் கூலிகள். அவர்களுக்குக் கிடைத்தது குடிகிடப்பு உரிமை. குடிசையைச் சுற்றி ஊராட்சியில் 10 சென்ட், நகராட்சியில் 5 சென்ட், மாநகரில் 3 சென்ட். பெரிய தோட்டங்களுக்கு உச்சவரம்பிலிருந்து விலக்கு. மூன்றடி மண் கேட்டவனுக்கு மூவுலகமும் கிடைத்தது. தலைமுறை தலைமுறையாக உழுதவனுக்குப் பத்து சென்ட் கிடைத்தது. 2007 ஆகஸ்டில் செங்கறையில் நிலமற்ற தலித், ஆதிவாசிக் குடும்பங்கள் ரப்பர் தோட்டத்தில் குடிசை போட்டு உட்கார்ந்தது இந்தக் கணக்கைக் கேட்டுத்தான்.

தமிழர்களுக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஓணக் கணக்கு ஒன்றும் உண்டு. மூணாறு தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்வோரில் பெரும்பாலோர் தமிழர்கள், அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். கேரளத்தில் போனஸ் என்பது ஓணத்தை ஒட்டி வருவது. 2015இல் தோட்ட நிர்வாகம் போனஸை 10 விழுக்காடாகக் குறைத்தது. அந்தச் செப்டம்பரில், கொழுந்து கிள்ளும் பெண்கள் ஆயிரக்கணக்கில் மூணாறு சாலையில் உட்கார்ந்தார்கள். ஆண்கள் நடத்திய தொழிற்சங்கங்களின் தலைவர்களைப் பக்கத்தில் விடவில்லை. பொம்பிளை ஒருமை என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். ஒன்பது நாள் போராட்டத்துக்குப் பிறகு, போனஸும் கருணைத்தொகையும் சேர்த்து 20 விழுக்காடு தர நிர்வாகம் ஒப்புக்கொண்டது. லயன் வீட்டில் வாழும் அந்தப் பெண்கள் மாவேலியைப் பற்றிப் பேசியிருக்கலாம், பேசாமலும் இருந்திருக்கலாம். எனக்குத் தெரிந்து அந்த ஆண்டின் உண்மையான ஓணக் கதை அவர்களுடையது.

இந்த வாரம் எங்கள் தோவாளைப் பூச்சந்தைக்கு வந்து பாருங்கள். கேரளத்து முற்றங்களில் பூக்கோலமாக விரியப்போகும் பூக்களில் ஒரு பங்கு அங்கிருந்துதான் போகிறது. விடியும் முன்னே தோட்டத்தில் பூப்பறிக்கும் பெண்ணுக்கு என்ன கூலி என்று அந்தக் கோலத்தைப் பார்ப்பவருக்குத் தெரியாது. கோரன் இன்று மாநில எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கிறான். சில சமயம் வங்கத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ரயிலேறி வருகிறான்.

தோழர்கள் வழக்கமாக ஒரு கேள்வி கேட்பீர்கள். அப்படியானால் பண்டிகையைக் கொண்டாடலாமா, கூடாதா? நான் தீர்ப்பு சொல்ல வரவில்லை. இலை போட்டுச் சாப்பிடுவதும், பூப்போடுவதும், புதுத்துணி உடுத்துவதும் உழைக்கும் மக்களுக்கு உரிய மகிழ்ச்சிகள். அவற்றைக் குறைசொல்லும் இடத்தில் நான் இல்லை. ஓண விருந்து என்றாலே சைவம்தான் என்ற எண்ணம்கூட மேல்சாதிப் பழக்கம் பொதுப் பழக்கமாகிப் போனதன் விளைவு. வட மலபாரில் ஓணத்துக்கு மீனும் கறியும் சமைக்கும் வீடுகள் ஏராளம். கொண்டாடுபவர் கொண்டாடட்டும். கதை சொல்லும் பொறுப்பு நம்மிடம் இருக்கிறது. அதைப் பற்றித்தான் நான் பேசுகிறேன்.

எந்தத் திருவிழாவின் கதையைச் சொல்வதற்கு முன்பும் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளலாம். இந்தக் கதையில் வீழ்த்தப்பட்டவன் யார்? இதை நாம் பழகிவிட்டோம். இரண்டாவது, இந்தக் கதையை யார் யாருக்குச் சொன்னார்கள், நூலில் உள்ளதை மக்கள் எந்த இடத்தில் மாற்றினார்கள்? அந்த மாற்றத்தில்தான் அவர்களுடைய மனம் தெரியும். மூன்றாவது, இந்தத் திருவிழாவில் யார் விளைவித்தார்கள், யார் சமைத்தார்கள், யாருக்கு எந்தப் பாத்திரத்தில் கிடைத்தது? தீபாவளியானாலும் பொங்கலானாலும் இந்த மூன்றாவது கேள்வியைக் கேளுங்கள். பண்ணையாளுக்குக் கொடுத்த வேட்டி துண்டையும், தேநீர்க்கடையின் இரட்டைக் குவளையையும், தூய்மைப் பணியாளர் வாசலில் நின்று கேட்கும் தீபாவளி இனாமையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவையும் பண்டிகையின் வரலாறுதான்.

நாட்களும் நம்முடையவைதான். உலகத்துக்கு டிசம்பர் 25 கிறிஸ்துமஸ். நமக்கு அது, 1927இல் மகாடில் அம்பேத்கர் தலைமையில் மனுஸ்மிருதியை எரித்த நாளும்கூட. 1968இல் கூலி கேட்டதற்காகக் கீழவெண்மணியில் 44 பேரை உயிரோடு எரித்த நாளும்கூட. நாள் ஒன்றுதான். அதில் எதை நினைவில் வைக்கிறோம் என்பதை நாம்தான் தீர்மானிக்கிறோம். கேரளத்து மக்கள் வென்றவனின் நாளைத் தோற்றவனின் நாளாக மாற்றியது போல.

நாளை மறுநாள் மாவேலியின் படத்தைப் பகிரப் போகிறீர்கள். தாராளமாகப் பகிருங்கள். அதோடு நிறுத்தாமல், அடுத்த நாள் அவிட்டத்துக்கு அய்யன்காளியின் வில்வண்டியைப் பகிருங்கள். அந்த நெல்லை விளைவித்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இன்று எத்தனை சென்ட் நிலம் இருக்கிறது என்று கேளுங்கள். மாவேலி ஆண்டுக்கு ஒருநாள் வந்து போகிறான். கோரன் ஆண்டு முழுவதும் நம்மோடுதான் இருக்கிறான். அவன் கையில் இருப்பது இன்னும் தொன்னைதானா என்று பார்ப்பது நம் வேலை.